ஊர்தியார் இன்னும் சாப்பிடவில்லை

செவ்வாய்க் கிரகத்துக்குத் தகவல் அனுப்பும் வேலை கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், பூமி உருண்டையாக இருப்பதுதான். வேறு யாருடைய திறமையும் அதில் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய கூட்டமைப்பு ஒன்று செவ்வாயில் ஓர் ஆறு சக்கர வண்டியை இறக்கிவிட்டிருந்தது. அதனோடு பேச அவர்களுக்கு இரண்டு கண்டங்களில் பெரிய பெரிய ஆன்டெனாக்கள் இருந்தன. ஆனால் பூமி சும்மா இருக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், தினமும் சில மணி நேரம் செவ்வாய் அவர்கள் ஊரில் மறைந்து நம்மூர்த் தென்னை மரங்களுக்கு மேலே வந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, 'கிரகாந்திரத் தகவல் வாரியம், கோவை வட்டம்' என்ற பெயர்ப்பலகையை யாரோ அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

வாரியம் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் இருந்தது. தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இயக்குநர் இருந்தார், பிரிவுகள் இருந்தன, அம்பாசடர் கார் இருந்தது, ஆண்டு விழாவில் கோலப் போட்டிகூட இருந்தது. கிரகம் ஒன்றுதான் இல்லாமலிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம் தீபாவளி கழிந்த வாரத்தில் அதுவும் கிடைத்துவிட்டது.

மாசாணம் அங்கே தற்காலிகத் தகவல் இயக்குபவர். தாராபுரம் பக்கம் சொந்த ஊர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் குனிந்து வேலை செய்த குடும்பத்தில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வாங்கி, நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். அந்த நாற்காலி நிரந்தரமானது. அதற்கு வாரியச் சொத்து எண்கூட உண்டு. அதில் உட்கார்ந்திருந்த மாசாணம்தான் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகம்.

கிரகம் கிடைத்த அன்று இயக்குநர் சென்னகேசவன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாசாணம், இந்த வண்டி ஒப்பந்தம் முடியற வரைக்கும் நல்லபடியா ஓடுச்சுன்னா உன்னைய நிரந்தரம் பண்ணிர்றேன். நடுவுல நின்னுபோச்சுன்னா நீயும் நின்னுக்கோ. வெளிநாட்டுக்காரனுக்கு நாங்க யாரையாவது காட்டோணும் பாரு."

"செரிங்க சார்" என்றார் மாசாணம்.

அன்றிலிருந்து மருதமலைப் பக்கம் கும்பிடும்போதெல்லாம் தன் பெயரோடு அந்த வண்டியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அதன் வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாததால், நட்சத்திரம் சொல்லாமல் அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோல, "அந்த வண்டிங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

முதல் தகவல் அனுப்பும் விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கையேட்டில் இருந்தபடி மாசாணம் 'பத்தடி முன்னால் போ' என்று தட்டினார். ஒலிபெருக்கியில் அதை வாசித்தார்கள். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது. முன்வரிசையில் இருந்த, மில் முதலாளியான வாரியத் தலைவர் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, அத்தனை தொலவு போயி ஒத்தையில நிக்கிறவங்கள, எடுத்த எடுப்புல 'போ'ன்னு சொல்றதுங்களா? நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா? நம்ம ஊருல ஆட்டுக்குட்டியக்கூட அப்படி ஓட்டமாட்டமுங்களே."

பந்தலே ஆமோதித்துத் தலையாட்டியது. வாரியம் வெட்கித் தலைகுனிந்தது. மறுநாளே 'மரியாதைப் பிரிவு' என்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, அதற்குத் தலைமைப் பொறியாளர் திருமலைசாமி பொறுப்பேற்றார். அவர் பொறியியல் படித்தவர் என்பதற்கு அறைக் கதவில் எழுதியிருந்ததைத் தவிர வேறு தடயம் இல்லை.

கையேட்டில் ஒரு வரி இருந்தது: 'தகவல் அனுப்பும் முன், மறுமுனை தயாராக இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.' திருமலைசாமி அந்த வரியைச் சிவப்பு மையால் கோடிட்டார். "வெளிநாட்டுக்காரனே நலம் விசாரிக்கச் சொல்றானுங்க. நம்மாளுக எப்படி விசாரிப்போம்னு அவனுக்கு என்ன தெரியும். நாம காட்டலாம்" என்றார்.

காட்டினார்கள். முதலில் வண்டியை 'அது' என்று சொல்வது தடை செய்யப்பட்டது, இனி 'ஊர்தியார்'. எடுத்ததும் ஊர்தியாருக்குக் கும்பிடு போட வேண்டும். அவர் திருப்பிக் கும்பிடு போட்ட பிறகு, நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டும். அவர் நல்லா இருக்கேனுங்க, நீங்க எப்படி இருக்கீங்க என்பார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா என்று கேட்க வேண்டும். அப்புறம், அக்கட்ட மழை உண்டுங்களா. செவ்வாயில் மழை பெய்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஊர்தியார் தினமும் 'இல்லைங்க' என்பார். 'இங்கயும் அப்படித்தானுங்க' என்று வாரியம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலும்கூட. எல்லாவற்றுக்கும் கடைசியில், சாப்டாச்சுங்களா. சாப்பிட்டேனுங்க என்று பதில் வந்த பிறகுதான் வேலையைப் பற்றிப் பேசலாம்.

இதில் சிறு சிக்கல் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை மணி நேரம் ஆகும். செவ்வாய் விடிவதற்கு முன்பே கிழக்கே எழுந்து வந்து காத்திருக்கும். ஆனால் வாரியம் திறப்பது பத்து மணிக்கு. மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் செவ்வாய் குருடிமலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆக, ஊர்தியார் சாப்பிட்டுவிட்டார் என்ற நல்ல செய்தி வந்து சேரும்போது, 'போயிட்டு வாரேனுங்க' என்று சொல்ல மட்டுமே நேரம் மிச்சமிருக்கும்.

ஊர்தியாருக்கு இப்படியெல்லாம் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தது ஜாஹிதா. கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துபோகும் மென்பொருள் பொறியாளர். அந்தக் கட்டடத்தில் சிரிக்காமல் வேலை செய்யக்கூடிய ஒரே ஆள்.

"சார், பேட்டரி நிறைஞ்சிருந்தா 'சாப்பிட்டேனுங்க'ன்னு சொல்லும். குறைஞ்சிருந்தா 'இன்னும் இல்லைங்க'ன்னு சொல்லும். இல்ல, எப்பவும் சாப்பிட்டேன்னே சொல்ற மாதிரி எழுதிரட்டுங்களா?"

"பொய் சொல்ல வெக்கறதுங்களா?" என்று திருமலைசாமி பதறினார். "வாரியத்துல இருக்கற யாரும் பொய் சொல்லக்கூடாதும்மா. அப்புறம் இன்னொண்ணு எழுதிக்குங்க. சாப்பிடாதவங்ககிட்ட வேலை சொல்லப்படாது. சாப்பிடாதவங்ககிட்ட 'போயிட்டு வாரேன்'னும் சொல்லப்படாது. பசியோட நிக்கிறவங்கள உட்டுப்போட்டு எந்திரிச்சு வர்றது நம்ம பழக்கம் இல்லை."

ஜாஹிதா அப்படியே எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. மற்ற நிலையங்களின் நேரத்தில் வண்டி ஓடுகிறது, மண்ணைக் கிளறுகிறது, படம் எடுக்கிறது. உங்கள் நேரத்தில் மட்டும் ஓர் அடிகூட நகரவில்லையே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். சென்னகேசவன் தன் கைப்படப் பதில் எழுதினார்: 'உங்கள் நேரத்தில் ஊர்தியார் ஓடுகிறார். எங்கள் நேரத்தில் நன்றாக இருக்கிறார்.'

அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆனதும் செவ்வாயில் புழுதிக் காற்று அடித்தது. மறுநாள் மாசாணம் வழக்கம்போல் கும்பிடு போட்டு, நலம் கேட்டு, மழை இல்லாததற்கு வருத்தப்பட்டு, சாப்டாச்சுங்களா என்று தட்டினார். அரை மணி நேரம் கழித்துத் திரையில் பதில் வந்தது.

இன்னும் இல்லைங்க.

ஜாஹிதா எட்டிப் பார்த்துவிட்டு, "வெயில் வாங்கற தகட்டு மேல தூசி உழுந்துருக்குண்ணா. ரெண்டு பக்கமும் சாய்ச்சு உதறுன்னு ஒரு வரி அனுப்புனாப் போதும்" என்றார். அது ஒன்றும் ரகசியம் இல்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில், பெட்டி கட்டிப் போட்டிருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. மாசாணத்தை அறைக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே ஜாஹிதா அந்த ஒரு வரியைச் சொன்னார்.

"அது வேலை" என்றார் திருமலைசாமி. "சாப்பிடாதவங்ககிட்ட வேலை சொல்லப்படாது."

"வேலை சொன்னாத்தானுங்க சார் சாப்பிடும்."

"சாப்பிட்டாத்தானம்மா வேலை சொல்லலாம்."

"விதியை மாத்திரலாமுங்களா?"

விதியில் கையெழுத்துப் போட்டவர் வாரியத் தலைவர். அவர் பிற நாடுகளில் எப்படி நலம் விசாரிக்கிறார்கள் என்று ஆராய்ந்து வர வெளிநாடு போயிருந்தார். வேறு நிலையங்களாவது அந்த வரியை அனுப்பட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு நிலையம் முறையாக விடைபெற்று ஒப்படைத்த பிறகுதான் அடுத்த நிலையம் வண்டியோடு பேசலாம் என்பது கூட்டமைப்பின் ஒப்பந்தம். சாப்பிடாதவரிடம் விடைபெறக்கூடாது என்பது கோவையின் விதி. ஆக, இரண்டு கண்டத்து விஞ்ஞானிகளும் கையைக் கட்டிக்கொண்டு, ஊர்தியார் சாப்பிட்டாரா என்று பெரியநாயக்கன்பாளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னகேசவன் எழுந்து உரையாற்றினார். "இன்னைக்கு ஊர்தியார் பசியோட இருக்கார். இந்த நேரத்துல நாம அவசரப்பட்டு எதையாவது செஞ்சு அவரைக் காப்பாத்திட்டோம்னு வெச்சுக்குங்க, நாளைக்கு நம்மளைப் பத்தி என்ன பேசுவாங்க? முறை தெரியாதவங்கன்னு பேசுவாங்க. வண்டி போனா இன்னொரு வண்டி அனுப்புவாங்க. மரியாதை போனா அதை அனுப்பறதுக்கு எந்த நாட்டுல ராக்கெட் இருக்குது?"

கைதட்டினார்கள். வெளியே நின்ற மாசாணம் பழக்கதோஷத்தில் தானும் தட்டிவிட்டு, தட்டியதை நினைத்து வருத்தப்பட்டார்.

கூட்டம் ஒரு முடிவும் எடுத்தது. ஊர்தியார் உண்ணும்வரை வாரிய அலுவலர் எவரும் வளாகத்தில் உண்ணக்கூடாது.

வாரிய உணவகத்தை ஒப்பந்தத்தில் நடத்திக்கொண்டிருந்தவர் அப்துல் குத்தூஸ். சுற்றறிக்கையைக் கேட்டதும் கரண்டியோடு இயக்குநர் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், செவ்வாயில ஒரு வண்டி பட்டினி கெடந்தா நான் ஆக்குன தக்காளிச் சோத்த யாருங்க திங்கறது? போண்டா மாவு கரைச்சு வெச்சுப்போட்டேன். அதுக்கிட்டப் போயி நான் முறையெல்லாம் பேச முடியுங்களா?"

"துக்க நேரத்துல போண்டாவப் பத்திப் பேசாதீங்க பாய்" என்றார் சென்னகேசவன்.

அன்று மதியம் பசி தாங்காமல் மாசாணம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்குப் போனார். உள்ளே வாரியத்தின் எல்லாப் பிரிவுகளும் ஏற்கெனவே கூடியிருந்தன. ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் பிரிவு, தூணுக்குப் பின்னால். திருமலைசாமி, வாழை இலைக்கு மேல் குனிந்து, ஏறக்குறைய இலைக்குள்ளேயே. விரித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இயக்குநரின் மோதிரக் கை மட்டும் வெளியே வந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு மறைந்தது. அங்கே யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை.

அடுத்து வந்த யோசனை திருமலைசாமியுடையது. அலைகள் போகும் பாதையிலேயே சாப்பாட்டை வைத்தால் வாசமாவது போய்ச் சேரும் என்றார். ஆன்டெனாக் குடைக்கு நடுவில் தலைவாழை இலை போட்டுப் பொரியல், கூட்டு, பாயசத்தோடு பரிமாறினார்கள். செவ்வாய்க்குக் கிளம்ப வேண்டிய சாப்பாட்டைப் பக்கத்துத் தோப்புக் காக்காய்கள் வந்து முடித்துவிட்டன. "காக்கா எடுத்தா போய்ச் சேந்துருச்சுன்னுதானுங்க அர்த்தம்" என்று ஒருவர் சொல்ல, "ஏனய்யா, அவரு இன்னும் உசுரோட இருக்காரு" என்று இன்னொருவர் கோபித்துக்கொள்ள, குடையைக் கழுவ ஒரு நாள் போனது.

இதற்கிடையில் ஊர்தியார் மெலிந்துகொண்டே வந்தார். 'இன்னும் இல்லைங்க' என்றவர், 'இல்லைங்க' என்று சுருக்கினார். பேட்டரி இறங்க இறங்க எழுத்தை மிச்சம் பிடிக்கும்படி ஜாஹிதா எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வெறும் 'இல்லை' என்று வந்தது.

அந்தச் செய்தி கட்டடத்தையே உலுக்கிவிட்டது. திருமலைசாமி மாசாணத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையையே பார்த்தார்.

"'ங்க' எங்க?"

"பேட்டரி இல்லைங்க சார்."

"எதுத்துப் பேசறாரா?"

"இல்லீங்க சார், சாகப்போகுதுங்க."

"சாகப்போறவங்க மரியாதையாச் சாகப்படாதுங்களா?" என்ற திருமலைசாமி, ஊர்தியாரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரிக்கப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு மூன்று நாளில் அந்த 'இல்லை'யும் வராது என்று மாசாணத்துக்குத் தெரிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, தினமும் மழை உண்டுங்களா என்று கேட்டுக் கேட்டு, அந்த வண்டியோடு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டிருந்தது. அவரிடம் தினமும் நல்லா இருக்கேனுங்க, நீங்க எப்படி இருக்கீங்க என்று திருப்பிக் கேட்ட ஜீவன் அந்த வளாகத்தில் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாசாணத்தின் வாடகை வீட்டுச் சந்துக்குள் அம்பாசடர் கார் வந்து நின்றது. சென்னகேசவன் இறங்கினார். கையில் ஒரு தாள். மாசாணம் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரு கையெழுத்துத்தான் மாசாணம். நான் உடனே கெளம்பணும்" என்றார் இயக்குநர் வாசலில் நின்றபடியே. "சாப்டாச்சுங்களான்னு நீ தட்டுனதுல அன்பு போதலை, அதனால ஊர்தியார் மனசு நொந்து சாப்பிட மறுக்கறாரு, முழுப் பொறுப்பும் உன்னோடதுன்னு எழுதியிருக்குது. போடு."

மாசாணம் பேனா தேடினார். அதற்குள் அவர் மனைவி பாவாத்தாள் உள்ளிருந்து வந்துவிட்டார். பக்கத்தில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் செம்புக் கம்பியைக் 'காயி'லாகச் சுற்றும் வேலை பார்ப்பவர். வாரம் முழுவதும் கம்பியோடு மல்லுக்கட்டுவதால், ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றாமல் விடமாட்டார்.

"வாங்க சார். ஏனுங்க வாசல்லயே நிக்கறீங்க, உள்ள வாங்க. செருப்ப அங்கயே உடுங்க. அந்தச் சேரு வேண்டாமுங்க, ஒரு காலு ஆட்டம். இக்கட்ட வந்து உக்காருங்க."

"இல்லம்மா, நான் உடனே..."

"அங்க ஃபேன் காத்து வராதுங்க. இன்னுங் கொஞ்சம் நகருங்க. இன்னுங் கொஞ்சம். ஆங். மொகமெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்குது, இந்தாங்க துண்டு, தொடைங்க. சட்டையில மேப்பட்டனக் கழட்டி உடுங்க, காத்துப் போகட்டும். அந்தத் தாளக் கீழ வெய்யிங்க மொதல்ல."

சென்னகேசவன் தாளைக் கீழே வைத்தார். பாவாத்தாள் தண்ணீர் டம்ளரை நீட்டினார். இயக்குநர் டம்ளரைப் பார்த்தார், மாசாணத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"வேண்டாம்மா. நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

"பொய் சொல்லாதீங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்குது. குடியுங்க. குடிச்சுப்போட்டுக் கையக் கழுவுங்க."

குடித்தார். கழுவினார். அரிசிம்பருப்புச் சோறும் கோழிக் குழம்பும் வந்தன. மெஸ்ஸுக்கு ஞாயிறு விடுமுறை. வாரியத்தின் விரதத்தை வீட்டிலும் கடைப்பிடிக்கும்படி இயக்குநரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வாய்க்குப் பிறகு சென்னகேசவன் தலை நிமிரவில்லை.

"இன்னொரு கரண்டி போட்டுக்குங்க."

"போதும்மா."

"போதும்ங்கறவீங்களுக்குத்தான் வெக்கோணும். கைய எடுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆறு வருசமா அங்க வாராருங்க. ஒரு நாளாச்சும் ஆராச்சும் சாப்டியான்னு கேட்டதுண்டுங்களா?"

தற்காலிகப் பணியாளர்களை நலம் விசாரிக்க வாரியத்தில் தனி நடைமுறை இல்லை என்பதை, வாய் நிறைந்திருந்ததால், இயக்குநரால் சொல்ல முடியவில்லை. எழுந்தபோது தாளின் மேல் குழம்பு சிந்தியிருந்தது. 'அன்பு போதலை' என்ற இடம் சுத்தமாகத் தெரியவில்லை. "நாளைக்கு வேற தாள்ல வாங்கிக்கறேன்" என்று ஏப்பத்தோடு சொல்லிவிட்டு, பாவாத்தாள் காட்டிய பக்கமாகத் திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கார் போன பிறகு மாசாணம் சொன்னார். "அவரு யாருன்னு நெனச்சே? வட்டத்துக்கே இயக்குநரு. நீ உக்காருன்னா உக்கார்றாரு, நகருன்னா நகர்றாரு. இப்படியா ஏவறது?"

"நான் எங்க ஏவுனேன்? உபசாரந்தான பண்ணுனேன்" என்றார் பாவாத்தாள், தட்டைக் கழுவப் போட்டபடி.

'உபசாரந்தான' என்று மாசாணம் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜாஹிதாவிடம் கேட்டார். "மேடம், வேலைன்னு அனுப்புனாத்தான மேல கேக்கோணும்? நலம் விசாரிக்கறதுல நாம எவ்வளவு வேணும்னாலும் சேர்த்து அனுப்பலாமுங்களா?"

"அதுக்கு அளவே இல்லைண்ணா. அளவு வெச்சா மரியாதைக் குறைவுன்னு திருமலைசாமி சாரே எழுதியிருக்காரு."

மாசாணம் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். 'ஊர்தியாருக்குக் கும்பிடுங்க. ஏனுங்க இப்படி வாடிப்போயிட்டீங்க. அங்கயே நிக்காதீங்க, கொஞ்சம் வெயில் பக்கமாத் திரும்பி உக்காருங்க. மேலெல்லாம் புழுதியா இருக்குது பாருங்க, முதுக அக்கட்ட ஒருக்கா, இக்கட்ட ஒருக்காச் சாச்சு நல்லா உதறி உடுங்க. அவசரமில்லீங்க. கூச்சப்படாம வயிறாரச் சாப்புடுங்க.'

ஜாஹிதா அதை வரி வரியாக வண்டிக்குப் புரியும் எண்களாக மாற்றினார். 'கூச்சப்படாம' என்பதற்கு மட்டும் எண் கிடைக்கவில்லை. அதை அப்படியே தமிழில் அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரம் ஆனது. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஓர் அரை மணி. மாசாணம் திரையைப் பார்க்க முடியாமல் அதற்குப் பின்னால் இருந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து, புதுத் தாள் அச்சாகும் பிரிண்டர் சத்தம் கரகரவென்று கேட்டது.

"அண்ணா" என்றார் ஜாஹிதா.

திரையில் இருந்தது: சாப்பிட்டுக்கிட்டு இருக்கேனுங்க.

மாசாணம் எழுந்து வெளியே போய், குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். முகம் கழுவுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அன்று மதியம் பல நாட்களுக்குப் பிறகு கோவை நிலையம் 'போயிட்டு வாரேனுங்க' என்று சொல்லி விடைபெற்றது.

வண்டி பிழைத்த செய்தி மாலையில் கூட்டமைப்பிலிருந்து பாராட்டு ஃபேக்ஸாக வந்தது. மறுநாளே மாசாணத்தின் மீது விசாரணை தொடங்கியது.

"சார், இந்த வாரியத்துல நான் பதினோரு வருசமா இருக்கேன்" என்று திருமலைசாமி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "ஒரு நாளாவது, என்னால ஒரு காரியம் நடந்துச்சுன்னு என் மேல புகார் உண்டுங்களா? நேத்து வந்த தற்காலிகம், விருந்தாளிக்கு ஆர்டர் போட்டிருக்கான். அதுவும் நடந்து வேற போச்சு."

"நான் ஆர்டரெல்லாம் போடலீங்க சார்" என்றார் மாசாணம். "உபசாரம் பண்ணுனேனுங்க."

"எல்லாம் ஒண்ணுதான். திரும்புங்கறான், அவரு திரும்பறாரு. உதறுங்கறான், உதறறாரு. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் செஞ்சா அதுக்குப் பேரு ஆர்டர் இல்லாம என்னங்க சார்?"

சென்னகேசவன் வாயைத் திறந்தார். அப்போது அவருக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. பிறகு ஆடுகிற நாற்காலி, நகர்ந்து உட்கார்ந்தது, துண்டு, மேல் பட்டன், கையைக் கழுவியது. இவையெல்லாம் ஆர்டர் என்றால், முதல்நிலை அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு கம்பி சுற்றும் பெண்மணியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார் என்று ஆகும். நாற்காலி எதிரே மாசாணம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் இயக்குநரை மிகவும் பயமுறுத்தியது.

"உபசாரம் ஆர்டர் ஆகாது" என்று சென்னகேசவன் தீர்ப்புச் சொன்னார். "எந்தக் காலத்துலயும் ஆகாது. இதைச் சுற்றறிக்கையாப் போட்டுருங்க."

"அப்படின்னா அது எந்தப் பிரிவு வேலைங்க சார்?" என்று திருமலைசாமி விடாமல் கேட்டார்.

எல்லோரும் யோசித்தார்கள். வாரியத்தில் உபசாரம் என்று ஒன்று இருக்குமானால் அது உணவகப் பிரிவைத்தான் சேரும். அப்படியானால், மாசாணம் உரிய நியமனம் இல்லாமல் உணவகப் பிரிவின் வேலையைச் செய்திருக்கிறார். இது பெரிய முறைகேடு. தணிக்கைக்காரர்கள் வருவதற்குள் இதைச் சரிசெய்ய ஒரே வழி, அவரை அந்தப் பிரிவில் நியமித்துவிடுவது. அங்கே இருந்த ஒரே காலியிடம் நிரந்தர இடம்.

இப்படியாக மாசாணம், கிரகாந்திரத் தகவல் வாரியத்தின் உணவகத்தில், உபசரணையாளராக நிரந்தரம் ஆனார்.

பொங்கலுக்குள் வாரியம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. வேலை என்று அனுப்பினால் வேலை நடக்காது, உபசாரமாக அனுப்பினால்தான் நடக்கும் என்பது நிரூபணமாகிவிட்டதால், செவ்வாய்க்குப் போகும் எல்லாத் தகவலும் உணவகம் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆணை வந்தது. கணினியைப் போண்டாச் சட்டிக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினார்கள். ஜாஹிதாவின் நாற்காலி கிரைண்டர் ஓரத்தில் போடப்பட்டது. எதை எத்தனை போடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும் என்பது உணவக விதி என்பதால், அப்துல் குத்தூஸ் தினமும் கரும்பலகையில் எழுதி வைத்தார்: இட்லி, போண்டா, தக்காளிச் சோறு, முன்னால் போதல், இடப்பக்கம் திரும்புதல், வலப்பக்கம் திரும்புதல், படம் எடுத்தல்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு, வரிசையில் நின்று திருமலைசாமி கவுன்ட்டருக்கு வந்தார்.

"ஏனுங்க மாசாணம், ஊர்தியாருக்கு ஒரு வலது வேணுமுங்க. பக்கத்துல ஏதோ பாறை இருக்குதாம். வெளிநாட்டுக்காரங்க பார்க்கோணும்னு உசுர வாங்கறாங்க."

மாசாணம் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். வலப்பக்கம் திரும்புதலின் மேல் அப்துல் குத்தூஸ் ஒரு கோடு போட்டிருந்தார்.

"வலது தீந்துபோச்சுங்க சார். இடது இருக்குது."

திருமலைசாமி கையில் போண்டாத் தட்டோடு யோசித்தார். விட்டத்தைப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். கிரைண்டரைப் பார்த்தார். இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பினார். பின்னால் நின்ற கணக்குப் பிரிவு இரண்டடி ஒதுங்கிக்கொண்டது. மூன்றாம் முறை திரும்பி நின்று, தன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டவர், கவுன்ட்டர் பக்கம் தலையைச் சாய்த்துச் சொன்னார்:

"அப்படின்னா மூணு இடது குடுங்க."

பதினோரு ஆண்டுகளில் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் போட்ட முதல் பொறியியல் கணக்கு அது. மாசாணம் மூன்று டோக்கன் கிழித்துக் கொடுத்தார்.